நடுக்குரலுக்கு விட்ட இடம்

லாம்பெர்ட் பாட்டு சரிபார்க்க வருகிற நாளில் யோஸுக்கு ரொட்டி தொண்டையில் இறங்காது. லாம்பெர்ட் அரண்மனைப் பாடகன். கையில் மை கிடையாது, நகத்தில் அழுக்கு கிடையாது. உள்ளே வந்ததும் சிவப்புத் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டுவான். யோஸ் சுரம் எழுதி முடித்த கன்றுத்தோல் தாள்களை அள்ளிக்கொண்டு நேரே சன்னலுக்குப் போவான். வீட்டில் வெளிச்சம் விழுகிற இடம் அது ஒன்றுதான். அங்கேதான் லீவினாவின் மேசையும் கிடந்தது. ஆக, யோஸ் எழுதிய சுரங்களைச் சரிபார்க்க வந்தவன் யோஸின் பெண்டாட்டி தோளுக்குப் பக்கத்தில் நின்றுதான் பாடியாக வேண்டும். இதில் யாரைக் குறை சொல்ல முடியும்? சொல்ல முடியாததால்தான் யோஸுக்கு உள்ளுக்குள் புகைந்தது.

மெகெலன் நகரத்து அரண்மனைச் சீமாட்டி கேட்டிருந்த புத்தகம் அது. கடல் தாண்டி வாழப்போகும் ஒரு இளவரசிக்குக் கல்யாணச் சீர். நாலு பேர் சேர்ந்து பாடும் பாட்டுகள், கன்றுத்தோலில், தங்கமும் வண்ணமுமாக. முதலில் யோஸ் கோடு போட்டுச் சுரமும் சொல்லும் எழுதுவான். மை காய்ந்த பிறகு தோல் லீவினாவின் மேசைக்குப் போகும். அவள் ஓரமெல்லாம் பூவும் பூச்சியும் வரைவாள், முதலெழுத்துக்குள் தங்க ரேக்கு ஒட்டுவாள். தங்கம் பிடிக்க முட்டை வெள்ளை தடவ வேண்டும். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் வந்து ஊரே முட்டையைத் தொடாமல் காய்ந்த மீனைத் தின்றுகொண்டிருந்தபோதும் அவள் தினமும் முட்டை உடைத்தாள்.

"இந்த வீட்டுல முட்டை திங்கிற பாக்கியம் தோலுக்குத்தான். நாம கருவாட்டக் கடிக்க வேண்டியதுதான்" என்பாள்.

அரண்மனைக் காரியஸ்தர் வேலையைப் பார்க்க வரும்போதெல்லாம் லீவினா வரைந்த ஈயை ஊதி விரட்டப் பார்ப்பார், பிறகு தானே சிரிப்பார். அவர் விரல் பூவின் மேல் போகும், வண்ணத்துப்பூச்சியின் மேல் போகும். சுரங்களின் மேல் ஒரு நாளும் போனதில்லை. சுவரைப் பார்க்கிறவன் சுண்ணாம்பைத்தான் பார்ப்பான், செங்கல்லை யார் பார்க்கிறார்கள் என்று யோஸ் நினைத்துக்கொள்வான்.

யோஸின் அப்பன் டெய்லெ ஆற்றங்கரையில் படகு இழுத்தவன். காற்று இல்லாத நாளில் பாரப் படகுக்குக் கயிறு கட்டி, அதைத் தோளில் போட்டுக்கொண்டு மாடு மாதிரி கரையோரம் நடக்கிற வேலை. யோஸுக்கு அந்தக் கயிறு வராமல் போனதற்குக் காரணம் அவன் குரல். கோயில் பாடகர் குழுவில் சேர்த்துக்கொண்டு சோறு போட்டார்கள், எழுத்தும் சுரமும் சொல்லிக்கொடுத்தார்கள். மீசை அரும்புகிற வயதில் குரல் உடைந்தது. எல்லாப் பையன்களுக்கும் உடைவதுதான். ஆனால் மற்ற பையன்களுக்கு அப்புறம் புதுக் குரல் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது, யோஸுக்கு வரவில்லை. இப்போது அவன் வாயைத் திறந்தால் ஓட்டைப் பானைக்குள் கல் உருளும். அதனால் பாடுகிறவனைக் கண்டாலே அவனுக்கு ஒரு எரிச்சல். பாடுகிறவன் தன் பெண்டாட்டிக்குப் பக்கத்தில் நின்று பாடினால் கேட்கவே வேண்டாம்.

எதிர்வீட்டில் பீர் விற்கிற ஹேய்லா எரிகிற இடம் பார்த்து ஊதினாள்.

"என்ன யோஸு, காலையிலேர்ந்து உன் வீட்டுல பாட்டு மணக்குது?"

"சரிபாக்குறாங்க."

"சுரத்தையா, சுரம் எழுதுறவன் பொண்டாட்டியையா?" அவள் பீப்பாயைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். "கோவிக்காத. அந்தக் குரல்ல என் காதுகிட்ட ஒரு தடவ பாடினா நான் பீப்பாயோட அவன் பின்னாடி போயிருவேன்."

"போயேன். தெரு சுத்தமாவும்."

சொல்லிவிட்டு வந்தான். ஆனால் அன்று முழுக்க அவன் போட்ட கோடு எதுவும் நேராக வரவில்லை.

ஒரு நாள் லாம்பெர்ட் தானே கட்டிய பாட்டொன்றைக் கொண்டுவந்தான். சீமாட்டி கேட்டு ரசித்து, புத்தகத்தில் சேர்க்கச் சொல்லிவிட்டாளாம். சன்னலைச் சாத்தி வைத்திருக்கும் ஒருத்தியிடம் வெளியே பனியில் நிற்கிறவன் கெஞ்சுகிற பாட்டு.

"வாத்தியாரே, இத மட்டும் கொஞ்சம் பாத்து எழுதிக் குடுங்க" என்றான் லாம்பெர்ட். "நம்ம பேரு நெலச்சு நிக்கிறது இதுல ஒண்ணுலதான்."

பிறகு சன்னல் பக்கம் திரும்பி நடுக்குரலை மெல்லப் பாடிக் காட்டினான். நாலு பேர் பாட்டில் அவன் பாடுவது நடுக்குரல்தான். பாட்டில் சன்னல் வருகிற இடத்தில் அவன் கண் சன்னலில் இருந்தது. சன்னலுக்கும் அவனுக்கும் நடுவில் லீவினா இருந்தாள். அவள் தூரிகையை நிறுத்திக் கேட்டாள், பிறகு ஏதோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். அவள் சொன்னது யோஸின் காதில் விழவில்லை. விழாததுதான் அவனைத் தின்றது.

அந்தப் பாட்டை அவன் மிகவும் பார்த்துத்தான் எழுதினான்.

புத்தகத்தை விரித்தால் இடப்பக்கம் மேலே மேல்குரல், அதன் கீழே நடுக்குரல். வலப்பக்கம் மேலே துணைக்குரல், கீழே அடிக்குரல். நாலு பேரும் ஒரே புத்தகத்தின் முன்னால் தோளை இடித்துக்கொண்டு நின்று அவரவர் மூலையைப் பார்த்துப் பாடுவார்கள். பாட்டு அடுத்த தாளுக்குப் போனால் நாலு குரலும் ஒரே இடத்தில் தாளின் முடிவுக்கு வந்துசேர வேண்டும். அப்போதுதான் தாளைத் திருப்ப முடியும். எவனுக்கு நெருக்கி எழுதுவது, எவனுக்கு விட்டு எழுதுவது என்று கணக்குப் பார்ப்பதுதான் எழுதுகிறவன் தொழிலே. யோஸ் இதில் பிசகியதே இல்லை.

இந்தப் பாட்டில் நடுக்குரலை மட்டும் பாதி வழியில் நிறுத்தினான். மிச்சத்தை அடுத்த தாளில் வைத்தான். மற்ற மூன்று குரலும் இன்னும் நிறையப் பாட வேண்டியிருக்கும்போதே நடுக்குரல்காரனுக்குத் தாள் தீர்ந்துவிடும். ஒன்று, வாயைப் பிளந்துகொண்டு நிற்க வேண்டும். இல்லையென்றால் தாளைத் திருப்பி மற்றவர்கள் வாயை அடைக்க வேண்டும். அதுவும் தானே கட்டிய பாட்டில், காரியஸ்தர் முன்னால்! தாளை மாற்றி எழுதச் சொல்வார்கள், தனக்கும் நாலு திட்டு விழும். விழட்டும். இந்தக் காட்சிக்கு அது மலிவு என்று நினைத்தான். குற்றம் வெளியே தெரியக்கூடாது என்பதற்காக அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு சுரத்தையும் செதுக்குவது போல எழுதினான். மூச்சைப் பிடித்துச் சுரங்களுக்கு வால் இழுத்தான். நடுக்குரலுக்குக் கீழே, சுரம் எழுதப் போட்ட மூன்று கோட்டு வரிசைகள் காலியாகக் கிடந்தன. நடுக்குரல் நீண்டு நீண்டு நிற்கிற குரல், எழுத்தில் இடம் குறைவாகத்தான் பிடிக்கும். காலி வரிசையைப் பார்த்து யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

லாம்பெர்ட்டும் படவில்லை. அவன் ஒற்றை ஆள். ஒரு குரலை எடுத்து முதல் தாளிலிருந்து அடுத்த தாள்வரை பாடி முடிப்பான், பிறகு அடுத்த குரல். அப்படிப் பார்த்தால் ஒரு சுரம்கூடக் குறையவில்லை. நாலு குரலும் ஒன்றாக ஓடினால்தான் குழி தெரியும்.

"அடேயப்பா, தங்கக் கை வாத்தியாரே உங்களுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

தோல் லீவினாவின் மேசைக்குப் போனது. ஓரத்தில் நாலு பூவை இறைத்துவிட்டு விடுவாள் என்றுதான் யோஸ் நினைத்திருந்தான். அவள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு இருப்பதிலேயே நல்ல நீலத்தை எடுத்துக் கிளிஞ்சலில் குழைத்தாள். அந்த நீலத்தை அவள் மாதா படத்துக்குத்தான் எடுப்பாள்.

காலியாகக் கிடந்த கோட்டு வரிசைகள் மேல் அவள் ஒரு ஆற்றை வரைந்தாள். யோஸ் இழுத்த கோடுகளையே தண்ணீரின் அலையாக்கினாள். மேல் கோடு ஒன்றைப் பிடித்து அதையே கயிறாக்கி, ஒரு முனையில் படகையும் மறு முனையில் குனிந்து இழுக்கிற ஆட்களையும் வைத்தாள். படகில் பொதிக்கு மேல் ஒருவன் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் தலையில் சிவப்புத் தொப்பி.

தொப்பியைப் பார்த்ததும் யோஸின் வாய் பூட்டிக்கொண்டது. அதுவரைகூட அவன் சொல்லிவிடலாம் என்று இருந்தான். 'அங்க வரையாத, அந்த எடம் வேணும்' என்று ஒரு வார்த்தை போதும். இப்போது மாட்டேன் என்றது மனசு. அவனுடைய பாட்டுக்கு மாதாவின் நீலம். அவன் படகில் சாய்ந்து உட்கார, என் சாதி சனம் கயிறு இழுக்கிறது. வரை, நன்றாக வரை. வரைந்து முடித்ததும் உன் ஆளோடு சேர்ந்து உன் படமும் குப்பைக்குப் போகட்டும்.

எதிரே உட்கார்ந்து பட்டாணிக் கஞ்சியைக் குடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் ஒற்றை மயிர்த் தூரிகையால் கயிற்றுக்கு முறுக்கு வைத்தாள். தங்கம் ஒட்டும்போது மூச்சு பட்டுவிடக்கூடாது என்று வாயில் துணி கட்டிக்கொண்டாள். கண் சிவந்து நீர் வடிந்தது. தவக்காலத்தின் மிச்ச நாளெல்லாம் அந்த ஒரு பக்கத்தில்தான் போனது.

ஈஸ்டர் கழிந்ததும் அரண்மனையிலிருந்து ஆள் வந்தது. எழுதி முடிந்த பாட்டுகளை நாலு பேரை வைத்துப் பாடிப் பார்க்க வேண்டும், காரியஸ்தர் மதியம் வருகிறார் என்று.

அன்று காலை லீவினா நாய்ப்பல் பதித்த கோலால் தங்கத்தைத் தேய்த்து மெருகேற்றிக்கொண்டிருந்தாள். யோஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"இந்தப் பக்கத்துக்கு மட்டும் எதுக்கு இம்புட்டு?" என்று கேட்டான். கேள்வியில் குத்து இருந்தது.

"உன் எழுத்துக்குத்தான்" என்றாள், தலையைத் தூக்காமல்.

"என்ன?"

"இந்தப் புத்தகத்துலயே நீ உக்காந்து எழுதின பக்கம் இது ஒண்ணுதான்யா. ஒரு வால் கோணல, ஒரு புள்ளி சாயல. மத்ததெல்லாம் மழைக்கு ஒதுங்க ஓடுறவன் மாதிரி எழுதியிருக்க. இதுமேல ரெண்டு பூவ ஒட்டிவிட்டா எனக்கே கேவலமா இருந்துச்சு."

யோஸ் பக்கத்தின் மேல் குனிந்தான். "அப்ப அந்தப் படகு?"

"உங்கப்பன்தான். முன்னால இழுக்குறவன். கயிறு அறுத்த எடத்துல துணி சுத்தியிருப்பாருன்னு சொன்னியே, பாரு, சுத்திவிட்டிருக்கேன்."

"உக்காந்திருக்கவன்? செவப்புத் தொப்பி?"

"நீலமும் பச்சையுமா செத்துக் கெடந்துச்சு. ஒரு செவப்பு வேணாமா அதுல?" இப்போதுதான் நிமிர்ந்தாள். "ஏன், உன் மூஞ்சி ஏன் இப்படிப் போவுது?"

யோஸ் சன்னலைப் பார்த்தான். வெயில் இன்னும் உச்சிக்கு வரவில்லை. அவர்கள் பாடிப் பார்த்துக் கண்டுபிடித்தால் காரியஸ்தர் தோலையே தூக்கிப் போடுவார். மடித்த அந்தத் தோலின் மறுபாதித் தாளும் போகும், அதிலும் அவள் வேலை இருந்தது. இப்போதே சொன்னால் அந்த ஆற்றுப் படம் மட்டும்தான் போகும்.

சொன்னான். அவளுக்குச் சுரம் படிக்கத் தெரியாது. அதனால் விரல் வைத்துக் காட்டினான். நடுக்குரல்காரன் இங்கே நிற்கிறான், மற்ற மூன்று பேரும் இதுவரைக்கும் போகிறார்கள், மிச்சம் அடுத்த தாளில் இருக்கிறது, அது இங்கே வந்திருக்க வேண்டும் என்று. 'இங்கே' என்று விரல் நின்ற இடத்தில் அவன் அப்பன் கயிறு இழுத்துக்கொண்டிருந்தான்.

லீவினா மெருகுக்கோலைக் கீழே வைத்தாள்.

"நீ பெசக மாட்டியே."

"பெசகல."

"வேணும்னே பண்ணினியா?"

"ஆமா."

"எதுக்கு?"

"அவன் உன்கிட்ட நின்னு பாடுறான். நீ சிரிக்கிற."

அவள் மடியில் விழுந்திருந்த தங்கத் தூளைத் தட்டிவிட்டாள்.

"அவன் சொத்தப் பல்லு நாத்தம் தாங்க முடியாம நான் மூஞ்சியத் திருப்பி உக்காந்திருக்கேன். கிராம்பு மெல்லுடான்னு சொன்னேன், சிரிச்சான், நானும் சிரிச்சேன். இதுதான்யா நடந்துச்சு." குரல் உயரவே இல்லை. "அத விடு. நீ சந்தேகப்பட்டதக்கூட விடு. ஆம்பள, படுவ. நான் வாயில துணியக் கட்டிக்கிட்டு இதுல தங்கம் ஒட்டுறப்ப நீ எதிர்ல உக்காந்து கஞ்சி குடிச்சியே. குடிச்சிக்கிட்டே பாத்தியே. அது எப்படிய்யா இறங்குச்சு உனக்கு?"

அவள் எழுந்து போய் அவன் மேசையிலிருந்த சுரண்டு கத்தியை எடுத்து வந்து அவன் கையில் வைத்தாள்.

"சுரண்டு."

"லீவினா…"

"நேரம் போவுது. சுரண்டு."

அவன் சுரண்டினான். முதலில் தங்கம் உமியாகப் பறந்தது. நீலம் தோலுக்குள் இறங்கியிருந்தது, அழுத்த வேண்டியிருந்தது. ஆட்களின் கால், கயிறு, படகு எல்லாம் தூளாகிக் கத்தி முனையில் சேர்ந்தன. லீவினா எதிரே உட்கார்ந்து அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. விட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். சுரண்டிய இடம் புண் மாதிரி பொருபொருத்துக் கிடந்தது. சுண்ணாம்புப் பொடி தேய்த்துக் கோடு போட்டு, விட்ட சுரங்களை எழுதினான். எவ்வளவு பார்த்து எழுதியும் மை ஊறிப் பரவியது. அடுத்த தாளில் இருந்த மிச்சத்தையும் சுரண்டி எடுத்தான்.

மதியம் காரியஸ்தர் வந்தார், நாலு பாடகர்களும் வந்தார்கள். புத்தகத்தாள்களைச் சாய்மேசையில் வைத்துத் தோளை இடித்துக்கொண்டு பாடினார்கள். லாம்பெர்ட்டின் பாட்டும் வந்தது. நாலு பேரும் ஒன்றாகத் தாளின் முடிவுக்கு வந்தார்கள், ஒருவன் திருப்பினான், பாட்டு இழை அறுபடாமல் போனது. நல்ல பாட்டுதான். யோஸுக்கு அதுவும் உறைத்தது.

பாடி முடித்ததும் லாம்பெர்ட் பக்கத்தைக் குனிந்து பார்த்தான்.

"என்ன அம்மணி, எல்லாப் பாட்டுக்கும் பூந்தோட்டம், என் பாட்டுக்கு மட்டும் பொட்டக்காடா?"

"வரைஞ்சேன்" என்றாள் லீவினா. "சுரத்துக்கு எடம் பத்தலன்னாங்க. எடுத்தாச்சு."

காரியஸ்தர் யோஸ் பக்கம் திரும்பினார். "இடம் பாக்காமலா எழுதின? நீயா?"

லீவினா அவனைப் பார்த்தாள். எவ்வளவு சொல்வான் என்று பார்க்கிற பார்வை.

"என் தப்புதான்யா" என்றான் யோஸ். அதற்கு மேல் வரவில்லை.

"விடுங்கய்யா" என்று லாம்பெர்ட் குறுக்கே வந்தான். யோஸின் முதுகில் தட்டினான். "மனுஷன் கைதான? யாருக்குத்தான் வராது. பாட்டு ஓடுது, போதும். மனசுல வச்சுக்காதீங்க வாத்தியாரே." கிராம்பு வாசனை அடித்தது. அந்தத் தட்டலை யோஸ் அசையாமல் வாங்கிக்கொண்டான். அப்பன் தோளில் கயிறு கிடந்ததுகூட இவ்வளவு கனத்திருக்காது என்று தோன்றியது.

மறுநாள் லீவினா கிளிஞ்சல்களையும் தூரிகைகளையும் கூடையில் அடுக்கினாள். ஹேய்லா வீட்டு மாடியில் தெருவைப் பார்த்த அறை ஒன்று சும்மா கிடந்தது. மேசையை ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு போனாள்.

"வூட்ட விட்டுப் போறியா?" என்று யோஸ் கேட்டான்.

"சோறாக்க வருவேன், படுக்க வருவேன். உன் எதிர்ல உக்காந்து வேலை மட்டும் செய்ய மாட்டேன்."

சொன்னபடியே செய்தாள். சாயங்காலம் வருவாள், கஞ்சி வைப்பாள், விலை ஏறிப்போன வெண்ணெயைப் பற்றிப் பேசுவாள். பகலில் அந்தச் சன்னலோரம் வெறுமையாகக் கிடந்தது. வெளிச்சம் மட்டும் தரையில் வந்து விழும். எதிர்மாடிச் சன்னலில் அவள் குனிந்த தலை தெரியும். அவள் எதை வரைகிறாள், எந்த வண்ணத்தை எடுத்திருக்கிறாள், வாயில் துணி கட்டியிருக்கிறாளா என்று ஒன்றும் தெரியாது. லாம்பெர்ட் இப்போது யோஸின் பக்கத்தில் நின்றுதான் பாடினான். யோஸின் பொறாமைக்கு அவன் போதவில்லை. அது தெருவைத் தாண்டிப் போய் அந்த மாடியை, அந்தச் சுவரை, பீர் நாற்றமடிக்கிற அந்தப் படிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

எழுதி முடித்த தோலை யோஸ்தான் கொண்டுபோவான். ஹேய்லா பீப்பாய்க்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். லீவினா படியிறங்கி வந்து வாசலிலேயே தோலை வாங்குவாள். காலியாக விட்ட வரிசை எங்கே இருக்கிறதென்று தேடி, அதன் மேல் விரலை வைப்பாள்.

"இங்க ஒண்ணும் வர வேண்டியது இல்லையே?"

"இல்ல."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

யோஸ் குனிந்து பார்ப்பான். நாலு குரலையும் மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பான். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

"இல்ல, லீவினா. ஒண்ணும் இல்ல."

அவள் தோலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மேலே போவாள். அடுத்த தோலுக்கும் அதையேதான் கேட்டாள். அதற்கு அடுத்ததற்கும்.